மடிக்கணினியில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுதல்: ஏன்? எப்படி?

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கப்பெற்ற, மாணவர்களுக்கான தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக் கருவிகளில், விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது.

இத்தகைய மடிக்கணினிகளில் இருக்கும் இயங்குதளத்தின்மீதே அடுத்த பதிப்பை ஏற்றுங்கால், பழைய டிரைவர்களும் மென்பொருள் மிச்சங்களும் புதியதோடு கலந்து நிற்பதாலும், முந்தைய விண்டோஸ் தனிக் கோப்புறையில் சில நாள் இடம் பிடித்திருப்பதாலும், கருவி மந்தமடைவதுண்டு.

ஆகவே, அவசியமான கோப்புகளை வேறு வட்டில் பத்திரப்படுத்திய பின்னரே, 8 ஜிபி பென்டிரைவில் நிறுவற்கோப்புகளை ஆயத்தம் செய்து, அதிலிருந்து கணினியை இயக்கி, பழைய பார்ட்டிஷனை அழித்துப் புதிதாக நிறுவுதல் உத்தமம். கோப்பு அட்டவணையே புதிதாக எழுதப்படுவதால், பழைய முரண்பாடுகள் தொடர ஆதாரமில்லை.

விண்டோஸ் 11 கோரும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியற்ற கருவியையும் வீணென்று ஒதுக்காமல், இம்முறையிலேயே லினக்ஸ் நிறுவி, இன்னொரு மாணவரின் கல்விக்குப் பிரயோஜனமாக்கலாம்.