செலவு பெருகியது, உணவு சுருங்கியது

ஒரு குடும்பத்தின் பொருளாதார நிலையை அறிய அதன் வருமானத்தைக் கேட்க வேண்டியதில்லை. மொத்தச் செலவில் உணவுக்குப் போகும் பங்கு எவ்வளவு என்று பார்த்தாலே ஓரளவு விளங்கிவிடும். வருமானம் உயர உயர அந்தப் பங்கு குறையும் என்பதை ஜெர்மானியப் புள்ளியியல் அறிஞர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார்.

ஆப்பிரிக்காவில் மிக அதிக மக்கள்தொகை கொண்ட நைஜீரியாவை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். அந்நாட்டின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட 2019-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, குடும்பங்களின் மொத்த நுகர்வுச் செலவு சுமார் 40 லட்சம் கோடி நைரா. அதில் ஏறத்தாழ 57 சதவீதம் உணவுக்கே சென்றது. எஞ்சியதில் போக்குவரத்து, மருத்துவம், கல்வி ஆகியவை முன்னிலை வகித்தன. எளிதில் தள்ளிப்போடக்கூடிய செலவு இவற்றில் எதுவுமில்லை.

உணவுச் செலவில் மிகப் பெரிய பங்கு வீட்டுக்கு வெளியே உண்பதற்கானது. இதை வசதியின் அடையாளமாகக் கொள்ள முடியாது. லாகோஸ் போன்ற பெருநகரில் விடியுமுன் பேருந்து பிடித்து, இருட்டிய பின் வீடு திரும்பும் தொழிலாளிக்குத் தெருவோரச் சாப்பாட்டுக் கடைதான் சமையலறை.

இந்த நிலையில், 2023 மே 29-இல் பதவியேற்ற அதிபர் போலா டினுபு, பெட்ரோல் மானியம் முடிந்துவிட்டதாக அறிவித்தார். அடுத்த மாதமே நைராவின் மதிப்பு சந்தையின் போக்குக்கு விடப்பட்டது. லிட்டர் 200 நைராவுக்குக் கீழே இருந்த பெட்ரோல், 2024 அக்டோபரில் 1,000 நைராவைக் கடந்தது. லாரி வாடகை உயர்ந்தது. அது காய்கறி, கிழங்கு, அரிசி விலைகளில் எதிரொலித்தது. 2024 டிசம்பரில் உணவுப் பணவீக்கம் ஏறத்தாழ 40 சதவீதம்.

குறைந்தபட்ச மாத ஊதியம் 2024 ஜூலையில் 30,000 நைராவிலிருந்து 70,000 ஆக உயர்த்தப்பட்டது. ஆனால், பழைய ஊதியம் 2023 தொடக்கத்தில் சுமார் 65 டாலருக்குச் சமம். புதிய ஊதியமோ சுமார் 45 டாலர்தான். ஆலைகள் கழித்து, மீன் தீவனத்துக்கு விற்றுவந்த நொய்யரிசியை வட மாநிலங்களின் ஏழைக் குடும்பங்கள் வாங்கிச் சமைக்கத் தொடங்கின. ஹௌசா மொழியில் அதன் பெயர் 'அஃபஃபாட்டா'.

2025-இல் விலைவாசிக் குறியீட்டின் அடிப்படை ஆண்டு மாற்றப்பட்டபோது, உணவுக்கான எடை சுமார் 52 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைந்தது. எங்கெல் சொன்ன வளம் வந்துவிட்டதா என்றால், இல்லை. உணவகம், தங்குமிடம் ஆகியவற்றின் எடை சுமார் 1 சதவீதத்திலிருந்து 13 ஆக உயர்ந்திருக்கிறது. தெருவோரச் சாப்பாடு பட்டியலில் இடம் மாறியிருக்கிறது. தொழிலாளியின் பை கனக்கவில்லை.

மானியம் கருவூலத்தைக் கரைத்தது என்ற அரசின் வாதத்தில் உண்மை உண்டு. ஆனால், பாதிக்கு மேல் உணவுக்கே செலவிடும் குடும்பத்திடம் வெட்டுவதற்கு வேறு செலவு இல்லை. விலை ஏறினால் அது உணவின் அளவையும் தரத்தையும்தான் குறைக்கும். எனவே, நிவாரணம் விலையேற்றத்துக்கு முன்பே அக்குடும்பங்களைச் சென்றடைந்திருக்க வேண்டும். நைராவில் கூடிய செலவை வளர்ச்சி என்று எண்ணுபவர்கள், அந்தப் பணத்துக்கு எத்தனை கிலோ அரிசி கிடைத்தது என்பதையும் கேட்க வேண்டும்.