நாக்குக்குத் தெரியாத நஞ்சு

மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கம் வரை கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே நீண்டு கிடக்கிறது ஒரு மணல் பட்டை. இரு பக்கமும் உப்புத்தண்ணீர். நடுவில் தோண்டினால் நல்ல தண்ணீர்! மணலில் இறங்கிய மழைநீர், தன்னைவிடக் கனமான கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியலாளர்களின் பழைய கணக்கு. போர் போட்டு உறிஞ்சி அந்த மேல்மட்டத்தை அரை மீட்டர் இறக்கினால், அடியில் உப்பு 20 மீட்டர் ஏறிவிடும்.

இந்தத் தண்ணீரைப் பல ஆண்டுகளாகப் படித்து வந்தவர் அண்ணா பல்கலைக்கழகத்தில் நிலவியல் பேராசிரியராகப் பணியாற்றிய எல். இளங்கோ. சென்னைக்குத் தெற்கே உள்ள கடலோர நிலத்தடி நீரின் தரம் பற்றி 1992-லேயே எழுதியவர். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்து கிணறுகள் மேலிருந்து உப்பேறியபோது, கல்பாக்கம் பகுதியில் அந்த உப்பு மண்ணுக்குள் எப்படி நகர்கிறது என்பதைக் கணினி மாதிரி கொண்டு ஆராய்ந்ததும் அவர் குழுதான்.

உப்பாவது நாக்கில் பட்டதும் தெரிந்துவிடும். உள்ளே தள்ளிப் போனால், கழனிகள் சூழ்ந்த பாலாறு–செய்யாறு படுகையில் வேறொரு சிக்கல். தொண்ணூறுகளின் கடைசியில் இளங்கோவும் என். ராஜ்மோகனும் அங்கே கிணற்றுநீரைச் சேகரித்து, அதில் உரச்சத்துகள் எப்படிக் கலக்கின்றன என்று பார்த்தார்கள். ஒரே கிணற்றுக்குத் திரும்பத் திரும்பப் போகிற சலிப்பூட்டும் வேலை. ஆனால் மழைக்கு முன்னும் பின்னும் கிணற்றின் குணம் மாறும்; ஒரு தடவை மொண்ட பாட்டிலை நம்பிப் பேச முடியாது.

அவர்கள் தேடியவற்றில் முக்கியமானது நைட்ரேட். பயிர் எடுத்தது போக மிஞ்சிய யூரியா, மாட்டுத் தொழுவம், கிணற்றை ஒட்டிய கழிவறைக் குழி என்று எங்கிருந்தும் வரும். நிறமில்லை, வாடையில்லை, சுவையுமில்லை. பெரியவர்கள் சிறுநீரில் கழித்துவிடுவார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் வயிற்றிலோ அது நைட்ரைட்டாகி ரத்தத்தின் ஹீமோகுளோபினைக் கெடுக்கும்; ரத்தம் போதிய ஆக்சிஜனைச் சுமக்காது, உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கிணற்றுநீருக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை 1945-ல் அமெரிக்காவின் அயோவாவில் ஹன்டர் காம்லி என்ற மருத்துவர் எழுதினார். குடிநீரில் நைட்ரேட்டுக்கு இந்திய வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதற்கு மேல் சலுகை கிடையாது.

நம் வீடுகளில் கைக்குழந்தைக்குத் தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுப்போம். கிருமிக்கு அது சரி. நைட்ரேட் கொதித்தால் போகாது. நீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடத்தான் செய்யும்.

மீண்டும் கடலோரத்துக்கு வந்தால், நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் நிற்கின்றன: 2013-ல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், 2024-ல் மேலும் 15 கோடி. அவை சென்னையின் தாகத்துக்கு. கிணற்றை நம்பியிருக்கும் கிராமத்துக்குக் கிணற்றைக் கவனிப்பதுதான் மலிவான வழி என்பது என் எண்ணம்.

உங்கள் வீட்டில் கிணறோ போரோ இருந்தால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். மழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. அறிக்கையில், கரைந்திருக்கும் மொத்தத் திடப்பொருளைக் காட்டும் டி.டி.எஸ். எண்ணோடு நிறுத்தாமல் நைட்ரேட் வரியையும் படியுங்கள். 45-ஐத் தாண்டியிருந்தால் கைக்குழந்தையின் பால்மாவை அந்தத் தண்ணீரில் கரைக்காதீர்கள்.