மலட்டு மாத்திரையும் தடுப்பூசியும்

 



2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் நடந்ததை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. முஸ்லிம் ஒருவரின் ஹோட்டலில் சாப்பிட வந்தவர்கள், உணவில் கிடந்த ஒரு சிறு கட்டியைக் காட்டி, பெரும்பான்மைச் சமூகத்தினரை மலடாக்குவதற்காக மாத்திரை கலந்திருக்கிறார்கள் என்று கூச்சலிட்டனர். சிங்களம் சரிவரத் தெரியாத கடைக்காரர் மிரட்டலுக்கு மத்தியில் தலையசைத்தது ஒளிப்பதிவாகி நாடெங்கும் பரவியது. கடை உடைக்கப்பட்டது. பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பின்னர் அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் பரிசோதித்தபோது, அக்கட்டி வெறும் மாவுப் பொருள் என்பது தெரியவந்தது. உண்ணக் கொடுத்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கிவிடும் மாத்திரை என்று ஒன்று மருத்துவ உலகிலேயே கிடையாது என வைத்தியர்கள் விளக்கினர். ஆனால், அதற்குள் நடக்க வேண்டிய அநியாயம் நடந்து முடிந்திருந்தது. மறு ஆண்டு குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் மீதும் இதே பழி சுமத்தப்பட்டது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என விசாரணையாளர்களே நீதிமன்றத்தில் தெரிவித்தனர்.

இந்த அநியாயத்தால் நாம் துடித்தோம். துடித்ததில் நியாயமும் இருந்தது. அப்படியாயின், "தடுப்பூசி என்ற பெயரில் முஸ்லிம்களின் சந்ததியை அழிக்கிறார்கள்" என்ற செய்தி நமது கையடக்கத் தொலைபேசிக்கு வரும்போது, அதனை ஒரு கணமும் யோசிக்காமல் பத்துப் பேருக்கு அனுப்பிவைப்பது எப்படி? அம்பாறையில் சொல்லப்பட்ட அதே கதைதான் இது. குற்றம் சாட்டப்படுபவர் மட்டுமே மாறியிருக்கிறார்.

இக்கதை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நைஜீரியா சாட்சி. 2003 ஆம் ஆண்டு, போலியோ சொட்டு மருந்தில் பெண்களை மலடாக்கும் பொருள் கலந்திருப்பதாகப் பேச்சுக் கிளம்பி, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் கானோ மாநிலம் அம்மருந்தை நிறுத்தியது. அம்மக்களின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1996 இல் அதே கானோவில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, பைசர் நிறுவனம் தனது புதிய மருந்தொன்றைச் சிறுவர்களிடம் பரிசோதித்தது. அப்பரிசோதனையில் சேர்க்கப்பட்டிருந்த 11 சிறுவர்கள் மரணித்தனர். பெற்றோரின் சம்மதம் முறையாகப் பெறப்படவில்லை என்ற வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 2009 இல் அந்நிறுவனம் 75 மில்லியன் டொலர் வழங்க உடன்பட்டது. 2011 இல் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் அமெரிக்க உளவுத்துறை தடுப்பூசித் திட்டம் என்ற போர்வையில் வேவு பார்த்ததும் உண்மையே. இவற்றை மறைத்துவிட்டு மக்களிடம் "நம்புங்கள்" என்று சொல்வது நேர்மையாகாது.

எனினும், கானோவில் விலை கொடுத்தவர்கள் யார்? மருந்து நிறுவனத்தின் முதலாளிகளின் பிள்ளைகளா? இல்லை. கால்கள் சூம்பிப்போனவர்கள் முஸ்லிம் குழந்தைகளே. கானோ மீண்டும் சொட்டு மருந்தை ஏற்றுக்கொண்டது 2004 இல். அதுவும் முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் தயாரிக்கப்பட்ட மருந்து என்பதால். அதற்குள் நைஜீரியாவின் கிருமி ஏறத்தாழ இருபது நாடுகளுக்குப் பரவிவிட்டிருந்தது. பத்து ஆண்டுகளாகப் போலியோ இல்லாதிருந்த அதே இந்தோனேசியாவுக்குள்ளும் 2005 இல் அது நுழைந்து, 300 க்கும் மேற்பட்டோரை முடமாக்கியது.

செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், இன்றேல் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுக் கைசேதப்படுவீர்கள் என்ற கருத்தை ஸூறதுல் ஹுஜுறாத்தின் ஆறாவது வசனம் நமக்குத் தெளிவாகச் சொல்கிறது. கேள்விப்பட்டதையெல்லாம் பேசித் திரிவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்பது நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கை. ஹதீஸ் கலையை இவ்வுலகுக்குத் தந்த சமுதாயம் நாம். அறிவிப்பாளர் யார், அவர் யாரிடம் கேட்டார், நினைவாற்றல் எப்படி, நேர்மை எப்படி என்று ஒவ்வொரு ஸனதையும் நமது இமாம்கள் துருவி ஆராய்ந்தார்கள். அறிவிப்பாளர் இன்னாரென்று அறியப்படாதவராக இருந்தால் 'மஜ்ஹூல்' என்று ஒதுக்கினார்கள். "அமெரிக்காவில் ஒரு டொக்டர் சொன்னாராம்" என்பது மஜ்ஹூல் இல்லாமல் வேறென்ன?

நமக்கு இனிக்கும் செய்தியென்றாலும் சட்டம் இதுதான். நீல் ஆம்ஸ்ட்ரோங் சந்திரனில் பாங்கோசை கேட்டு இஸ்லாத்தைத் தழுவினார் என்று மிம்பர்களிலேயே பேசப்பட்டது. அது உண்மையல்ல என்பதை அவர் சார்பில் அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களம் 1983 இலேயே அறிவித்துவிட்டது. இஸ்லாத்தின் உண்மைக்கு இத்தகைய பொய்ச்சாட்சி எதற்கு?

இனி, அறிவிப்பாளர் அறியப்பட்டவராக இருந்தும் குறைபட்டவராக இருப்பதற்கு ஓர் உதாரணம். சின்னமுத்துத் தடுப்பூசி ஓட்டிசம் எனும் குறைபாட்டை உண்டாக்குகிறது என்ற கதையின் மூலம், அன்ட்ரூ வேக்பீல்ட் என்ற பிரித்தானிய வைத்தியர் 1998 இல் லான்செட் சஞ்சிகையில் எழுதிய கட்டுரை. அவர் ஆராய்ந்தது வெறும் 12 பிள்ளைகளை. தடுப்பூசி நிறுவனங்களுக்கு எதிராக வழக்குத் தொடுக்கவிருந்த சட்டத்தரணிகளிடம் அவர் பணம் பெற்றிருந்தது பின்னர் அம்பலமாயிற்று. 2010 பெப்ரவரியில் சஞ்சிகை அக்கட்டுரையை மீளப்பெற்றது. அதே ஆண்டு மே மாதம் அவரது வைத்தியப் பதிவும் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 650,000 க்கும் அதிகமான பிள்ளைகளைத் தொடர்ந்து அவதானித்து 2019 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அத்தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பில்லை எனக் காட்டியது. ஆயினும் நமது தாய்மார்களை வந்தடைவது அந்த 12 பிள்ளைகளின் கதையே.

"ஹஸ்ரத், அதில் பன்றியின் ஜெலற்றின் இருக்கிறதாமே?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. இது நியாயமான கேள்வி. ஹலாலைப் பேணும் உள்ளத்திலிருந்து வருவது. சில தயாரிப்புகளில் அது இருப்பது உண்மை, எல்லாவற்றிலும் இல்லை. 1995 இல் குவைத்தில் கூடிய மார்க்க அறிஞர்களும் மருத்துவ நிபுணர்களும், ஜெலற்றின் தன் மூலத்தன்மை முற்றாக மாறிவிட்ட பொருள் ஆதலால் ('இஸ்திஹாலா') தூய்மையானது என முடிவு கண்டனர். நமது ஷாபிஈ மத்ஹபில் இஸ்திஹாலாவின் எல்லை குறுகியது என்பது ஓதியவர்களுக்குத் தெரியும். ஆனால் அதே மத்ஹபின் இமாம்கள், தூய்மையான மாற்று மருந்து இல்லாதபோது, நம்பகமான வைத்தியரின் கூற்றின்படி நஜிஸ் கலந்த மருந்தைப் பயன்படுத்த இடமளித்துள்ளார்கள். 2018 இல் இந்தோனேசிய உலமா சபை சின்னமுத்துத் தடுப்பூசியொன்றைப் பற்றி ஃபத்வா வழங்கியபோது, பன்றியின் அம்சம் உண்டு என்பதை மறைக்காமல் கூறி, நிர்ப்பந்தம் கருதி அதனைப் பயன்படுத்தலாம் என்றே தீர்ப்பளித்தது. எனவே, சந்தேகமுள்ளவர் ஆலிமிடமும் வைத்தியரிடமும் நேரில் கேட்கட்டும்.

நம் நாட்டில் 1993 க்குப் பின் போலியோ நோயாளி எவரும் இல்லை. 2019 இல் சின்னமுத்தை ஒழித்த நாடாகவும் இலங்கை அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2023 இல் அது மீண்டும் பரவியது. 2024 ஜனவரியில் ஒன்பது மாவட்டங்களில் ஆறு மாதம் முதல் ஒன்பது மாதம் வரையான சிசுக்களுக்கு மேலதிகமாகத் தடுப்பூசி ஏற்ற வேண்டியதாயிற்று. காரணம், ஒன்பது மாதம் நிறையாத சிசுவுக்கு வழமையான அட்டவணைப்படி ஊசி போடப்படுவதில்லை. சுற்றியிருப்போர் ஊசி பெற்றிருப்பதே அதன் அரண். என் பிள்ளைக்கு வேண்டாமென்று நான் மறுப்பது என் வீட்டோடு முடிந்துவிடுவதில்லை. அது அடுத்த வீட்டுத் தொட்டில் வரை செல்கிறது. தீங்கிழைக்கவும் கூடாது, தீங்குக்குத் தீங்கும் கூடாது என்ற நபிமொழியின் அடிப்படையில் எழுந்த ஃபிக்ஹு விதியை இங்கே பொருத்திப் பாருங்கள்.

ஊசி போட்டபின் காய்ச்சலோ தோலில் தடிப்போ வரலாம். அபூர்வமாகக் காய்ச்சல் வலிப்பும் ஏற்படலாம். அதனையும் குடும்ப நல உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே கேட்டறியுங்கள். சின்னமுத்துக்கான ஊசி ஒன்பதாம் மாதத்திலும் மூன்றாம் வயதிலும் இலவசமாகப் போடப்படுகிறது. பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்து அவ்விரு இடங்களையும் இன்றே பாருங்கள். ஏதேனுமொன்று வெறுமையாக இருந்தால், அப்பதிவேட்டுடன் உங்கள் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குச் செல்லுங்கள். தவறிய ஊசியைப் பின்னரும் போட்டுக்கொள்ளலாம்.