பில் போடும் கம்ப்யூட்டருக்கு விலை கூடிய மதர்போர்டு தேவையா?

கடையில் பில் போடக் கம்ப்யூட்டர் வாங்கப் போனால் இரண்டு கொட்டேஷன் கொடுக்கிறார்கள். பிராசசர் இரண்டிலும் ஒன்றே. மெமரி, டிஸ்க், கேபினட் எல்லாம் ஒன்றே. மதர்போர்டு என்ற வரியில் மட்டும் ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாய் ஏறுகிறது. "கூடக் கொடுத்தா நல்லா உழைக்கும் அண்ணாச்சி" என்பதோடு விற்பவரின் விளக்கம் முடிந்துவிடுகிறது. சரக்கு எடுக்க வரும் சில்லறை வணிகர்கள் பலர் எங்களிடம் இதைப் பற்றிக் கேட்பதால், எங்கள் மண்டியில் பல ஆண்டுகளாகக் கம்ப்யூட்டர் வைத்துப் பார்த்ததைக் கொண்டு இங்கே எழுதுகிறோம்.

முதலில் பணக் கணக்கு. நூற்றுக்கு நான்கு ரூபாய் நிற்கும் மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். 6,000 ரூபாய் கூடுதல் என்றால், ஒன்றரை லட்சம் ரூபாய்க்குச் சரக்கு விற்ற லாபம் அதில் போகிறது. மூட்டைக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி எங்களிடம் அரை மணி நேரம் பேசுகிறவர்கள்கூட இந்த ஆறாயிரத்தை ஒரு நிமிடத்தில் கொடுத்துவிடுகிறார்கள்! பொருள் தெரியாத இடத்தில் பேரம் பேச வாய் வராது என்பதுதான் காரணம்.

மதர்போர்டு என்பது மற்ற உறுப்புகள் உட்காரும் பலகை. கணக்குப் போடுவது பிராசசர். போர்டின் வேலை அதற்கு மின்சாரம் கொடுப்பதும், மெமரி, டிஸ்க், பிரிண்டர் முதலியவற்றோடு அதை இணைப்பதும்தான். ஆகவே ஒரே பிராசசரை விலை குறைந்த போர்டில் போட்டாலும் விலை கூடிய போர்டில் போட்டாலும் பில் வரும் வேகத்தில் நம் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இராது. இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறை பிராசசர்களுக்கு எச்610 என்பது கீழ்நிலை, பி660, பி760 நடுநிலை, இசட்690, இசட்790 மேல்நிலை. ஏ.எம்.டி.யில் ஏ520 கீழ்நிலை, பி550 நடுநிலை. மேலே போகப் போக இணைப்புகள் கூடும். பிராசசரை அதன் அளவுக்கு மேல் வேகமாக ஓட்டும் வசதியும் சிலவற்றில் வரும். அது கம்ப்யூட்டர் விளையாட்டுக்காரர்களுக்கு உதவும். துவரம் பருப்புக்குப் பில் போட உதவாது.

"உழைக்கும்" என்று சொல்வதில் கொஞ்சம் உண்மை இல்லாமல் இல்லை. விலை கூடிய போர்டில் பிராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி பலமாக இருக்கும். அதிக மின்சாரம் இழுக்கும் பெரிய பிராசசருக்கு இது அவசியம். ஆனால் ஐ3-12100 போன்ற சிறிய பிராசசர் 60 வாட் வகையைச் சேர்ந்தது. அதற்குச் சாதாரண போர்டே தாராளம். சைக்கிளில் ஏற்றும் சரக்குக்கு லாரி அமர்த்துவதுபோல ஆகிவிடக் கூடாது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் போர்டில் உள்ள கெபாசிட்டர்கள் உப்பி வெடித்துக் கெட்டது ஒரு காலம். இப்போது குறைந்த விலை போர்டுகளிலும் பெரும்பாலும் திட வகைக் கெபாசிட்டர்களே வருவதால் அந்தப் பயம் பெரிதும் நீங்கிவிட்டது.

நாம் முக்கியமாகப் பார்க்க வேண்டியது இணைப்புகளைத்தான். பல கடைகளில் எலெக்ட்ரானிக் தராசு சீரியல் போர்ட் வழியாகத்தான் கம்ப்யூட்டரோடு சேருகிறது. எங்களைப் போன்ற மொத்த வணிகர்கள் கார்பன் நகல் வேண்டும் என்பதற்காக டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை விடாமல் வைத்திருக்கிறோம். பழைய பிரிண்டராக இருந்தால் 25 ஊசி பேரலல் போர்ட் கேட்கும். யு.எஸ்.பி.யிலிருந்து மாற்றும் கேபிள் கிடைக்கிறதே என்பார்கள். விண்டோஸ் மென்பொருளுக்கு அது சரிதான். டாஸ் காலத்து பில்லிங் புரோகிராம் நேராகப் பேரலல் போர்ட்டுக்கு எழுதும். அங்கே அந்தக் கேபிள் மட்டும் போதாது, தனி ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், அலுவலக உபயோகத்துக்கு வரும் மலிவு போர்டுகள் சிலவற்றில் சீரியல் இணைப்பு இருக்கிறது. பளபளவென்று விளக்கு எரியும் விலை கூடிய போர்டுகள் பலவற்றில் அது இல்லை. சில போர்டுகளில் இணைப்பு உள்ளே ஊசிகளாக மட்டும் இருக்கும். அதற்குத் தனியாக ஒரு பட்டையும் வயரும் வாங்கி மாட்ட வேண்டும். தராசு, பிரிண்டர், ஸ்கேனர் எல்லாவற்றின் வயர் முனைகளையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டி, "இத்தனையும் இதில் சேருமா?" என்று கேட்பது நல்லது.

கூடுதல் விலை நியாயமாகும் இடமும் உண்டு. நான்கைந்து கவுண்டர் இருந்து, எல்லாக் கணக்கும் ஒரே கம்ப்யூட்டரில் போய்ச் சேருமானால், அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு நடுநிலை போர்டு போடலாம். எச்610 போர்டுகளில் மெமரிக்குப் பெரும்பாலும் இரண்டே இடம். நடுநிலையில் நான்கு இடம் உள்ள போர்டு கிடைக்கும், டிஸ்க்குக்கும் கூடுதல் இடம் இருக்கும். கணக்கு வளர வளர இது உதவும். கவுண்டரில் உள்ளவற்றுக்கு அந்தச் செலவு வேண்டாம். அவை எல்லாவற்றுக்கும் ஒரே மாடல் போர்டு வாங்கினால், ஒன்று நின்றபோது மற்றொன்றின் உறுப்பை மாட்டிப் பார்க்கலாம்.

மலிவு என்பதற்காக எச்61, எச்81 என்ற பழைய வகைகளில் இறங்க வேண்டாம். அவை 2011, 2013 காலத்து வகைகள். அவற்றில் அமரும் பிராசசர்களை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது.

போர்டு ஒருநாள் கெடும். எந்த விலைக்கு வாங்கினாலும் கெடும். அப்போது என்ன செய்வது என்பதை வாங்கும்போதே பேசிவிட வேண்டும். உத்தரவாதம் பெரும்பாலும் 3 ஆண்டு. ஆனால் எரிந்த தடமோ, பிராசசர் அமரும் இடத்தில் வளைந்த ஊசியோ தெரிந்தால் ஏற்க மாட்டார்கள். போர்டை சர்வீசுக்கு அனுப்பினால் திரும்பி வர நாளாகும். தீபாவளிக்கு முந்தின வாரம் எங்களிடம் சரக்கெடுக்கும் ஒரு கடையில் இப்படி நின்றது. உத்தரவாதம் முடிந்த போர்டு. அந்த பிராசசருக்குப் பொருந்தும் போர்டு ஊரில் எங்கும் இல்லை. நன்றாக இருந்த பிராசசரையும் மெமரியையும் ஒதுக்கிவிட்டு எல்லாமே புதிதாக வாங்கும்படி ஆயிற்று. இடையில் நான்கு நாள் சிட்டையில் எழுதினார்கள். அதனால்தான் விலை கூடிய ஒரு போர்டுக்குக் கொடுக்கும் பணத்தில் சாதாரண போர்டு இரண்டு வாங்கி ஒன்றைப் பெட்டியோடு வைத்துக்கொள்வது, பெரிய கடைகளுக்காவது லாபம் என்று நினைக்கிறோம்.

சிறிய கடைக்கு மிச்சமாகும் பணம் வேறு இடத்தில் பயன்படும். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் வேகம் அன்றே தெரியும். பேட்டரி நன்றாக உள்ள யு.பி.எஸ்., சரியான எர்த், தினமும் கணக்கை நகலெடுக்க ஒரு தனி டிஸ்க் ஆகியவை இல்லாமல் எந்த போர்டும் நம்மைக் காப்பாற்றாது. ஜி.எஸ்.டி. கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்க. கேபினட்டை மாவு மூட்டைக்கும் மிளகாய்த்தூளுக்கும் பக்கத்தில் தரையில் வைக்காதீர்கள். தூசி ஃபேனை அடைத்துச் சூடேற்றிவிடும். காலையில் பில்லில் தேதி தவறாக வந்தால் போர்டை மாற்றச் சொல்பவரை நம்ப வேண்டாம். சிஆர்2032 என்ற காசு போன்ற சிறு பேட்டரி தீர்ந்திருக்கும்.

கொட்டேஷன்களை ஒப்பிடும்போது போர்டின் முழு மாடல் எண்ணை எழுதி வாங்குங்கள். மெமரி டி.டி.ஆர்.4ஆ, 5ஆ என்பதும் அதில் இருக்கட்டும். ஒன்றுக்கான போர்டில் மற்றது அமராது. வரி 18 சதவீதம். வழக்கமான முறையில் வரி கட்டுபவர்களுக்கு 6,000 ரூபாய் வித்தியாசத்தில் சுமார் 915 ரூபாய் உள்ளீட்டு வரியாகத் திரும்பும், பில்லில் நம் ஜி.எஸ்.டி. எண் இருந்தால். காம்போசிஷன் முறையில் உள்ளவர்கள் முழு ஆறாயிரத்தையும் செலவாகவே எழுதிக்கொள்ள வேண்டும்.