சத்து கூடினாலும் கால் கோணும்

மதுரைக்குத் தென்மேற்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் ராஜபாளையம். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒன்று இந்த ஊரின் வெள்ளை நாய். இப்போது ராஜபாளையம், சிப்பிப்பாறை இன நாய்கள் மதுரை மாடி வீடுகளிலும் வளர்கின்றன. குட்டி வந்த கையோடு கால்சியம் டானிக்கும் வந்துவிடுகிறது. கால் தடிக்க வேண்டும், காது நிமிர வேண்டும் என்று தினமும் ஊற்றுகிறார்கள். பல குட்டிகளுக்கு அது தேவையே இல்லை.

வளர்ந்த நாயின் குடல் வேண்டிய கால்சியத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மலத்தில் தள்ளிவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியால் அது முடியாது. கொடுப்பதில் ஏறக்குறைய பாதி எப்படியும் ரத்தத்தில் ஏறும். நெதர்லாந்தின் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஹேஸ்விங்கெல் குழுவினர் 1980களில் கிரேட் டேன் குட்டிகளுக்கு மிகையான கால்சியம் கொடுத்துப் பார்த்தார்கள். குருத்தெலும்பு ஒழுங்காக எலும்பாகவில்லை, வளர்ச்சி கெட்டது. சட்டென்று உயரும் ராஜபாளையக் குட்டிக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

டானிக்கை நிறுத்திவிட்டு வெறும் கோழியும் சோறும் போட்டால் சரியாகிவிடுமா? அது எதிர்ப்பக்கத்து ஆபத்து. 100 கிராம் கோழிக்கறியில் கால்சியம் 10 மில்லிகிராம் அளவுதான், பாஸ்பரஸோ 200. குட்டிக்கு வேண்டியது ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு 1.2 முதல் 1.4 பங்கு கால்சியம். ஈரலிலும் இதே குறைதான். ரத்தத்தில் கால்சியம் இறங்கியதும் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்தே அதை உருவி எடுக்கும். தளதளவென்று இருக்கும் குட்டி நொண்டும். ஒரு படியிலிருந்து குதித்தாலே எலும்பு முறியும்.

மதுரை வெயிலில் வைட்டமின் டி கிடைக்காதா என்று கேட்கலாம். மனிதரைப் போல நாயின் தோல் அதைப் போதிய அளவு தயாரிப்பதில்லை. முட்டை மஞ்சள் கரு, மத்தி மீன் என்று உணவில் வந்தால்தான் உண்டு.

சமையலறைக் கணக்கு இப்படி: 20 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 1.2 கிராம் கால்சியம் வேண்டும். ஒரு சின்னக் கிண்ணத் தயிரில் 150 மில்லிகிராம் கிடைக்கலாம். தயிர்ச்சோறு மட்டும் போதாது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவு உண்டு, ஆனால் அதிலுள்ள பைட்டேட் என்னும் பொருள் அதில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கைக்கெட்டிய வழி முட்டை ஓடு. கழுவி, வேக வைத்து, காயவைத்து மிக்சியில் மாவாக அரைத்தால், ஒரு டீஸ்பூனில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கும். வீட்டுக் கறிச்சோறு தின்னும் அந்த 20 கிலோ நாய்க்கு அரை டீஸ்பூன் போதும். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் வெந்த ஆட்டெலும்பு இதற்கு மாற்றல்ல. வெந்த எலும்பு சில்லுச்சில்லாக உடைந்து குடலைக் குத்தும்.

குட்டிகளுக்கென்று தயாரான பாக்கெட் தீனியில் அளவு ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. அதன்மேல் டானிக்கோ ஓட்டுத்தூளோ வேண்டாம். சினை நாய்க்கும் மருத்துவர் சொல்லாமல் தரக்கூடாது. சினைக்காலத்தில் மிகையாகக் கொடுத்தால் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் வேலை மந்தமாகும். ஈன்றபின் பால் கொடுக்கும்போது உடல் நடுங்கி, விறைத்து, உயிருக்கே ஆபத்தாகும். நடுக்கம் கண்டால் உடனே கால்நடை மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது டானிக் பெயரைக் கேட்காமல், ஒரு வாரம் நாய் தின்றதை எழுதி எடுத்துப் போங்கள். டானிக் வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தத் தாளை வைத்துத்தான் அவரால் சொல்ல முடியும்.