நம்ம ஆறு போய்ச் சேர்ற பிரெஞ்சு கிராமங்கள்



பாண்டிச்சேரி போய் வந்தோம் என்றதும் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "பீச்சு பாத்தீங்களா?" பார்த்தோம், ஆனால் அரை மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் கோயில் வாசலிலும் நடந்தோம். இது கண்டுணர் பயணம்தானே, சுற்றுலா இல்லையே என்று புறப்படும்போதே பேசிக்கொண்டோம். வெள்ளைக்காரத் தெருவையும் மஞ்சள் பூசிய வீடுகளையும் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட கிராமங்கள் எப்படி இருந்தன, அங்கே பெண்கள் என்ன பண்ணினார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் நாங்கள் ஆசைப்பட்டோம்.

மத்தூருக்கும் பாண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நம்ம ஊர் வழியாகப் போகிற ரோடே பாண்டி ரோடுதான். கிருஷ்ணகிரியில் புறப்பட்டு மத்தூர், ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று போகிறது. பழைய நம்பர் 66, இப்போது 77. அந்தக் காலத்தில் பாரமகால் என்று பேர் வாங்கிய நம்ம பகுதியிலிருந்து கீழ்நாட்டுக்கு இறங்க செங்கம் கணவாய்தான் வாசல். 1760-ல் இங்கிலீஷ்காரர்கள் பாண்டிச்சேரியை முற்றுகை போட்டபோது ஹைதர் அலி பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவியாகப் படை அனுப்பினார். பலன் இல்லை. 1761 ஜனவரியில் ஊர் விழுந்தது, ஜெயித்தவர்கள் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்றைக்கு நாம் பார்க்கிற பாண்டி அதற்குப் பிறகு எழுப்பியது.

ரோட்டை விடவும் பெரிய சம்பந்தம் ஒன்று இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறோம்.

காலையில் வில்லியனூரில் வேனை நிறுத்தி நடக்க ஆரம்பித்தோம். பாண்டி டவுனுக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டர். முதலில் திருக்காமீஸ்வரர் கோயில், சோழர் காலத்தது. இந்தக் கோயில் தேரோட்டத்தில் பிரெஞ்சு கவர்னரே வந்து வடம் பிடிப்பது வழக்கமாம். அந்த வழக்கம் விட்டுப் போகவில்லை, இன்றைக்கும் புதுச்சேரி துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். நாட்டை ஆண்டவன் ஊரான் தேரை இழுத்தால்தான் ஊரான் அவனைச் சகித்துக்கொள்வான் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது போல.

அங்கிருந்து நடந்தே லூர்து மாதா கோயிலுக்குப் போனோம். 1877-ல் பிரான்சிலிருந்து கப்பலில் வந்த மாதா சிலை இது. முன்னால் பெரிய குளம். சாதி மதம் பார்க்காமல் எல்லோரும் வருகிறார்கள். எங்கள் கூட வந்தவர்களில் பாதிப் பேர் தலையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டார்கள். லூர்து என்றால் என்ன என்று ஒரு அக்கா கேட்டார். அது பிரான்சில் மலை அடிவாரத்து ஊர். 1858 பிப்ரவரியில் பெர்னதெத் என்ற 14 வயசுப் பெண், தங்கச்சியோடும் சிநேகிதியோடும் விறகு பொறுக்கப் போன இடத்தில் ஒரு குகையில் மாதாவைப் பார்த்ததாகச் சொன்னாள். அப்பா மாவு மில் வைத்து நொடித்துப்போனவர். குடும்பமே பழைய ஜெயில் அறை ஒன்றில் குடியிருந்தது. முதலில் யாரும் அவளை நம்பவில்லை. "விறகுக்குப் போன பொண்ணா!" என்று அந்த அக்கா அப்படியே நின்றுவிட்டார். கோயிலில் எங்களுக்கு மறக்காதது அந்த நிமிஷம்தான்.

கீழூருக்கு வேனில் போனோம். வயலுக்கு நடுவில் சின்ன ஊர், ஒரு நினைவுச் சின்னம். 1954 அக்டோபர் 18-ஆம் தேதி மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் இங்கே கூடி ஓட்டுப் போட்டார்கள். இந்தியாவோடு சேரலாம் என்று 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆனது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரை 'சொல்தா' என்பார்கள். அவர் போன பிறகு மனைவிக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிறது, பிரெஞ்சு தேர்தலில் ஓட்டும் உண்டு.

வழியில் ஒரு வேடிக்கை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை போர்டு மாறுகிறது. தமிழ்நாடு, புதுச்சேரி, மறுபடி தமிழ்நாடு. ஓசூர் தாண்டினால் கர்நாடகா என்று ஒரே கோடாகப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதுசு. இங்கே எல்லை கிராமம் கிராமமாகப் பின்னிக் கிடக்கிறது. பஞ்சாயத்து போர்டில் 'கொம்யூன்' என்று போட்டிருக்கிறது. பிரான்சில் ஊராட்சிக்கு உள்ள பேர் அது, இங்கே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேர் இருந்து என்ன? 1968-ல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்கு அடுத்து 2006-ல்தான் நடந்திருக்கிறது.

மத்தியானத்துக்கு மேல் பாகூர். எங்களுக்கு மனசு நிறைந்தது இங்கேதான். நெல், கரும்பு, வாழை என்று பார்க்கிற பக்கமெல்லாம் பச்சை. பிரெஞ்சுக் காலத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கப்பலேறி மார்சேய் துறைமுகத்துக்குப் போய் எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆனது. ஊரில் மூலநாதர் கோயில் இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ ராஜா நிருபதுங்கவர்மன் காலத்தில் இங்கே இருந்த கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்களை எழுதிவைத்த செப்பேடு கிடைத்திருக்கிறது.

ஏரிக்கரையில் வெயில் தாழ நடந்தோம். ஊசுட்டேரிக்கு அடுத்து புதுச்சேரியில் பெரிய ஏரி இதுதான். தண்ணீர் கொண்டுவருகிற வாய்க்காலுக்கு பங்காரு வாய்க்கால் என்று பேர். பங்காரி, சிங்காரி என்று இரண்டு தேவதாசிச் சகோதரிகள் வெட்டினார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். பாண்டி டவுனிலும் இதே மாதிரி கதை. ஆயி என்ற தாசியின் வீட்டைக் கோயில் என்று நினைத்து ராஜா கும்பிட்டுவிட்டாராம். விஷயம் தெரிந்ததும் இடிக்கச் சொன்னாராம். அவள் தானே இடித்து அந்த இடத்தில் குளம் வெட்டினாளாம். பிற்பாடு அந்த முத்திரப்பாளையத்திலிருந்துதான் டவுனுக்குத் தண்ணீர் போனது, பிரெஞ்சு ராஜா மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் பேரில் ஆயி மண்டபம் கட்டினார்கள். கதையில் எவ்வளவு நிஜமோ. ஆனால் தண்ணிக்கு வழி பண்ணினவர்கள் என்று ஊர் ஞாபகம் வைத்திருப்பது பெண்கள் பேரைத்தான்.

இனி நம் குழுக்களுக்கு வேண்டிய விஷயம். பிரெஞ்சுக் காலத்தில் ஏரிகளைப் பார்த்துக்கொள்ள பாசன விவசாயிகளின் சங்கம் இருந்தது. அதோடு 'கேஸ் கொமுயின்' என்று ஒன்று இருந்தது, பொதுப் பெட்டி என்று அர்த்தம். ஏரிக்கென்று தனியாகப் பணம் சேர்த்து மதகு, வரத்து வாய்க்கால், கரை எல்லாம் அந்தப் பணத்தில் பார்த்தார்கள். இந்தியாவோடு சேர்ந்த பிறகு ஏரிகள் பொதுப்பணித் துறைக்குப் போயின, பெட்டி மறைந்தது. போர் போட வசதி வந்ததும் ஏரி மேல் யாருக்கும் அக்கறை இல்லை. தூர் ஏறியது, ஆக்கிரமிப்பும் வந்தது. 1999-ல் ஐரோப்பிய யூனியன் உதவியோடு புதுச்சேரியின் 84 ஏரிகளைச் சீர்செய்யும் திட்டம் தொடங்கியபோது மறுபடியும் ஊருக்கு ஊர் ஏரிச் சங்கம் அமைத்தார்கள். இந்தத் தடவை நிலம் உள்ளவர்கள் மட்டும் என்றில்லை, நிலமில்லாதவர்களும் பெண்களும் அதில் இருக்கணும் என்று வைத்தார்கள். பழைய சங்கத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு எங்கே இடம்?

1989-ல் நம்ம பழைய தருமபுரி மாவட்டத்தில்தான் தமிழ்நாட்டின் குழுத் திட்டம் தொடங்கியது. பெட்டியும் பேரேடும் தீர்மான நோட்டும் நமக்குப் பழக்கம். ஆனால் நம்ம ஊர் ஏரிக்கு ஒரு பெட்டி இருக்கிறதா? மீன் குத்தகைப் பணம் எவ்வளவு, எங்கே போகிறது என்று எந்த ஊக்குநராவது கிராம சபையில் கேட்டதுண்டா? நாங்களும் கேட்டதில்லை.

முதலில் விட்டுவைத்த சம்பந்தம் இது. பங்காரு வாய்க்காலில் வருகிற தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து வருகிறது. அது எந்த ஆறு? தென்பெண்ணை. நந்தி மலையில் பிறந்து, ஓசூர் கெலவரப்பள்ளியில் நுரை தள்ளி, கே.ஆர்.பி. அணைக்கு வந்து, நெடுங்கல்லில் பிரிந்து பாரூர் ஏரியை நிரப்புகிற அதே ஆறு. மேலே நாம், கீழே அவர்கள். நடுவில் சாத்தனூர் அணை.

கரையை ஒட்டிய வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டோம். ஒரு அம்மா சொம்பில் கொண்டுவந்து, "எந்த ஊரு?" என்றார். மத்தூர் என்றோம், அவருக்குப் பிடிபடவில்லை. ஊத்தங்கரை பக்கம் என்றதும் முகம் மாறியது. 2024 டிசம்பர் ஃபெஞ்சல் புயலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டி, ஏரி உடைத்த மாதிரி ரோட்டில் வண்டிகள் அடித்துப்போனதை நாம் பார்த்தோம். அந்த மழையும் பாம்பாறு வழியாகப் பெண்ணையில் விழுந்தது. சாத்தனூரில் நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள். பாகூர் பக்கத்து ஊர்கள் முழுகின.

அந்த அம்மா வாசல் சுவரில் இடுப்பு உயரத்தில் கையை வைத்துக் காட்டினார். "இவ்ளோ தண்ணி. அரிசி, துணி, ஆட்டுக்குட்டி எல்லாம் போச்சு. உங்க ஊருல மழைன்னு யாராச்சும் ஒரு போன் பண்ணியிருந்தா மேட்டுல ஏத்தி வச்சிருப்போம்."

அவரும் ஒரு குழுவின் பிரதிநிதிதான். எங்கள் கூட்டமைப்பு நம்பரை அவர் நோட்டில் எழுதிக்கொண்டார், அவர் குழு நம்பரை நாங்கள் வாங்கிக்கொண்டோம். ஊத்தங்கரைப் பக்கத்துக் குழுக்கள் அந்த நம்பரை அலுவலகத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள்.