சிப்பிக் காளானை இனங்காண்பது எப்படி?

மழை பெய்தால் காளான் முளைக்கும் என்பதை அறியாதவர் இல்லை. ஆனால், முளைத்தது எந்தக் காளான் என்று கேட்டால் விடை கூறுவோர் மிகச் சிலரே. தாவரவியல் பயிலும் மாணவன் என்ற முறையில், குளிர்நாட்டு அகன்ற இலை மரங்களில் வளரும் சிப்பிக் காளானை இனங்காணும் முறையை இங்கே விளக்க விரும்புகிறேன்.

இதன் அறிவியற்பெயர் புளூரோட்டஸ் ஆஸ்ட்ரியேட்டஸ். 1775இல் ஜாக்குவின் என்னும் அறிஞர் இதனை விவரித்தார். 1871இல் கும்மர் இதனை இன்றைய பேரினத்தில் சேர்த்தார்.

முதலில் மரத்தைப் பார்க்க வேண்டும். பீச், பாப்லர், வில்லோ முதலியவற்றின் பட்ட கட்டைகளிலும் நலிந்த அடிமரங்களிலும் இது அடுக்கடுக்காக வளர்கிறது. மரத்திற்கு உறுதி தரும் லிக்னினை இது சிதைப்பதால் கட்டை வெளுத்து நார்நாராகிறது. இதனை வெண் அழுகல் என்பர்.

அடுத்து, காளானைப் பார்ப்போம். குடை சிப்பி வடிவில், சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில் இருக்கும். காம்பு குட்டையானது, பெரும்பாலும் ஒரு பக்கமாக அமைந்திருக்கும். மீனின் செவுள் போன்ற வெண்தகடுகள் காம்பின் மீதும் இறங்கியிருக்கும். குடையைக் கருந்தாளில் ஓரிரவு கவிழ்த்து வைத்தால், வெண்மையான அல்லது வெளிர் ஊதாவான வித்துத்தூள் படியும்.

இத்தனையும் எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். ஊசியிலை மரக் கட்டைகளில் 'தேவதைச் சிறகு' என்னும் மெல்லிய வெள்ளைக் காளான் வளர்கிறது. 2004இல் ஜப்பானில் அதை உண்டவர்களுள், குறிப்பாகச் சிறுநீரக நோயாளிகளுள், பலர் மூளை பாதிக்கப்பட்டு இறந்தனர். சிப்பிக் காளான் ஊசியிலை மரத்தில் வளர்வது அரிது. எனவே, மரத்தை அறிந்தாலே ஓர் ஐயம் பெரிதும் குறைகிறது.

ஆயினும், மரம் மட்டும் போதாது. ஜப்பானியப் பீச் மரத்திலேயே 'நிலவொளிக் காளான்' என்னும் நச்சுக் காளானும் வளர்கிறது. அதன் செவுள்கள் இருளில் ஒளிரும். காம்பை நெடுக்காகப் பிளந்தால் அடியில் பெரும்பாலும் கருமையான கறை தென்படும். உண்டவர்க்குக் கடும் வாந்தி உண்டாகும்.

வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு, பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பனவெல்லாம் வெறும் நம்பிக்கைகளே. மரம், குடை, காம்பு, செவுள், வித்துத்தூள் ஆகிய ஐந்தும் ஒருங்கே பொருந்தினால்தான் ஒரு முடிவுக்கு வரலாம். ஐந்தில் ஒன்று பொருந்தாவிடினும் அதை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டு செல்லுங்கள். அடுக்களைக்குக் கொண்டு செல்லாதீர்கள்!